குழுவை விட்டு நீங்குதலும் குழுவை மூடுதலும்: செர்காம் வட்டாரப் பட்டறிவை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

மலாக்கா மாநிலத்தின் ஜாசின் மாவட்டத்தில், உம்பாய்க்கும் மெர்லிமாவுக்கும் இடையே கடற்கரையை ஒட்டி அமைந்த வட்டாரம் செர்காம். இவ்வட்டாரத்தையும் இதனை அடுத்துள்ள தோட்டங்களையும் சிற்றூர்களையும் சார்ந்த தமிழாசிரியர்கள் சிலர் 2014-ஆம் ஆண்டில் புலனக் குழு ஒன்றைத் தொடங்கினர். யு.பி.எஸ்.ஆர். தேர்வுக்கான கட்டுரைப் பயிற்சிகளைத் தமக்குள் பகிர்ந்துகொள்வதே அதன் முதல் நோக்கமாக இருந்தது. நாளடைவில் இலக்கணப் பயிற்சித் தாள்கள், பள்ளிப் போட்டிகள் பற்றிய அறிவிப்புகள், இரங்கற் செய்திகள் எனப் பலவும் அதில் இடம்பெற்றன. நாமும் ஆய்வுத் தொடர்பு கருதி அக்குழுவில் ஓர் உறுப்பினராகச் சேர்க்கப்பட்டோம்.

2016-இல் உறுப்பினர் ஒருவர், தோட்டத்தில் பால்மரம் வெட்டி வாழ்ந்த தம் பாட்டியார் பாடிய தாலாட்டைக் கைப்பேசியில் பதிவுசெய்து குழுவில் இட்டார். அதனைக் கேட்ட ஏனையோரும் தத்தம் குடும்பத்து முதியோரை அணுகிப் பாடல்களைப் பதிவுசெய்தனர். தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, வேலைக் களைப்பைப் போக்கப் பாடும் பாடல் என ஏறத்தாழ நாற்பது ஒலிப்பதிவுகள் சேர்ந்தன. யாரும் திட்டமிட்டுச் செய்யாத கள ஆய்வு அது. அவற்றை ஒருநாள் முறையாகத் தொகுத்து ஆராய வேண்டும் என்று எண்ணியிருந்தோம், எண்ணத்தோடு நின்றோம்.

2021-ஆம் ஆண்டின் இறுதியில் ஓர் இரவு, குழுவைத் தோற்றுவித்த ஆசிரியர் உறுப்பினர் அனைவரையும் ஒருவர்பின் ஒருவராக நீக்கிவிட்டுத் தாமும் வெளியேறினார். முன்னறிவிப்பு எதுவும் இல்லை. அப்பாடல்கள் என்னவாயின என்னும் வினாவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. இணையக் குழுவொன்றை விட்டு நீங்குவதற்கும் அதனை மூடுவதற்கும் உள்ள வேறுபாட்டையும், மூடுவோர்க்குரிய கடமையையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

நீங்குதலும் மூடுதலும்

குழுவை விட்டு நீங்குதல் தனியொருவரின் உரிமை. ஓய்வு நாடியோ, கருத்து வேறுபாட்டாலோ, பணிமாற்றத்தாலோ ஒருவர் நீங்கலாம். அதற்குக் காரணம் கூறவேண்டிய கட்டாயமும் இல்லை. விடைபெறும்போது ‘போகிறேன்’ என்னாது ‘போய் வருகிறேன்’ என்று சொல்லிப் பழகியவர் தமிழர். புலனக் குழுவில் ஒருவர் நீங்கியதும் அவர் வெளியேறினார் என்னும் ஒற்றை வரி எல்லார்க்கும் தெரியும் வகையில் முன்னர்த் தோன்றியது. அவ்வரியைக் கண்டு மனம் வருந்தியோரும், அதற்கு அஞ்சியே நீங்காமல் இருந்தோரும் பலர். 2022 ஆகஸ்டு முதல் நிருவாகிகளுக்கு மட்டும் தெரியுமாறு அமைதியாக நீங்கும் வசதி அறிமுகமாயிற்று. நீங்குவோர்க்கு இது பெரும் விடுதலை எனலாம்.

மூடுதலோ வேறு தன்மையது. குழுவில் சேர்ந்திருப்பவை நிருவாகி ஒருவரின் உடைமைகள் அல்ல. பலர் தந்தவை ஓரிடத்தில் குவிந்துள்ளன. அவ்விடத்தின் திறவுகோல் மட்டுமே நிருவாகியின் கையில் உள்ளது. கோயில் உண்டியலின் திறவுகோலை வைத்திருப்பவர் உண்டியலுக்கு உரியவர் ஆகார். எனவே, நீங்குவதற்குப் போதுமான காரணம் மூடுவதற்கும் போதுமானது என்று கொள்ளுதல் பொருந்தாது.

தொழில்நுட்ப அளவிலும் இவ்வேறுபாடு செயலிக்குச் செயலி மாறுகிறது. புலனத்தில் நிருவாகி அனைவரையும் நீக்கிய பின்னரும் பழைய உரையாடல் அவரவர் கைப்பேசியில் இருக்கும். ஒரே நிருவாகி சொல்லாமல் வெளியேறினால் குழு மூடப்படுவதில்லை. உறுப்பினருள் எவரேனும் ஒருவர் தாம் அறியாமலேயே நிருவாகி ஆகிவிடுகிறார். தொலைவரியில் உரிமையாளர் குழுவையே அழித்துவிட்டால் உறுப்பினர் எல்லார்க்கும் அது மறைந்துபோகும். முகநூலில் குழுவைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கவும் இயலும். தாம் நடத்தும் குழு எவ்வகையது என்பதை அறியாமல் பொத்தானை அழுத்துவோரே மிகுதி.

செர்காம் குழுவின் பாடல்கள் மறைந்தது பொத்தான் அழுத்தப்பட்ட அந்த இரவில் அன்று. அவை ஒவ்வோர் உறுப்பினரின் கைப்பேசியிலும் இருந்தன. இனிப் பயன்படாத குழு என்று கருதிப் பலர் அதனை அழித்தனர். சிலர் கைப்பேசியை மாற்றினர். சிலர் ஒலிக்கோப்புகளை ஒருபோதும் பதிவிறக்கியிருக்கவில்லை. சேமிப்பிடம் போதாமையால் அழித்தவருள் நாமும் ஒருவர். மூடியவரைக் குறைகூறும் முன் இதனை ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம்.

யாகூ குழுமங்களின் முடிவு

இத்தகைய இழப்பு தமிழர்க்குப் புதிதன்று. இணையத்தில் தமிழ் வேரூன்றியதே குழுக்களின் வழியாகத்தான். மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருள், கணினிவழித் தமிழில் மடல் எழுதுவதை எளிதாக்கியது. ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த மலேசியத் தமிழரான பாலா பிள்ளை 1990-களின் நடுப்பகுதியில் தொடங்கிய தமிழ்.நெட் குழு, பல நாட்டுத் தமிழரை ஒரே அரங்கில் கூட்டியது. 1998 பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம், அத்தகைய உரையாடல்களில் கருக்கொண்ட முயற்சியாகும். முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்கள் சுவிட்சர்லாந்திலிருந்து அதனை வழிநடத்தினார். தமிழ் இலக்கியங்களை மின்வடிவில் இன்று நாம் வகுப்பறையில் பயன்படுத்துவதற்கு அம்முயற்சி வழிவகுத்தது.

2000-இல் ஈகுரூப்ஸ் நிறுவனத்தை வாங்கிய யாகூ, 2001 முதல் யாகூ குழுமங்கள் என்னும் சேவையை நடத்தியது. தமிழ்க் குழுக்கள் பல அங்கே தழைத்தன. கெடா மாநிலத்துச் சுங்கைப் பட்டாணியைச் சேர்ந்த மருத்துவர் சி. ஜெயபாரதி அவர்கள் நடத்திய அகத்தியர், மரத்தடி, ராயர் காப்பி கிளப், சந்தவசந்தம் ஆகியவை குறிப்பிடத்தக்கன. இலக்கியம், சமயம், வரலாறு, சொல்லாய்வு, யாப்பு எனப் பல துறைகளிலும் அவற்றில் நிகழ்ந்த உரையாடல்கள் பல்லாயிரம் மடல்களாகப் பெருகின.

2019 அக்டோபரில் யாகூ ஓர் அறிவிப்பை வெளியிட்டது. அம்மாதம் 28-ஆம் நாள் முதல் புதியவற்றைக் குழுத்தளத்தில் ஏற்ற முடியாது என்றும், டிசம்பர் 14-ஆம் நாள் பழைய மடல்கள், கோப்புகள், படங்கள் அனைத்தும் நீக்கப்படும் என்றும் அது கூறியது. எதிர்ப்பு எழுந்ததால், தரவுகளைக் கேட்டுப் பெறுவதற்கான காலம் 2020 சனவரி 31 வரை நீட்டிக்கப்பட்டது. 2020 டிசம்பர் 15-இல் சேவை முற்றாக நின்றது. ஆவணக் காப்பு ஆர்வலர்கள் இயன்றவற்றைப் படியெடுத்தனர். அவர்கள் குழுக்களில் சேர்வதற்குப் பயன்படுத்திய கணக்குகள் பலவும் இடையில் முடக்கப்பட்டன. உறுப்பினர்க்கு மட்டுமே திறந்திருந்த குழுக்களைப் பொறுத்தவரை, உள்ளிருந்த ஒருவர் முன்வந்து படியெடுத்தாலன்றி வழியில்லை.

தப்பிய குழுக்கள் எவ்வாறு தப்பின என்பதை ஈண்டு நோக்குதல் நலம். மரத்தடிக் குழுவினர் தம் படைப்புகளைத் தனி இணையத்தளத்தில் முன்னரே தொகுத்திருந்தனர். சந்தவசந்தம் கூகுள் குழுமத்திற்கு இடம்பெயர்ந்து தொடர்ந்தது. இரண்டிலும் யாகூவுக்கு அப்பால் ஓர் இருப்பிடத்தை உறுப்பினர்களே தேடிக்கொண்டனர். அவ்வாறு தேடுவார் இல்லாத குழுக்கள் பலவற்றில், நிறுவனம் தந்த கால இடைவெளி பயனற்றுப் போயிற்று. தோற்றுவித்தவர் மறைந்திருக்கலாம், கடவுச்சொல்லை மறந்திருக்கலாம், அறிவிப்பு வந்த மின்னஞ்சல் முகவரியையே கைவிட்டிருக்கலாம்.

தமிழுக்கே உரிய மற்றொரு சிக்கலும் இங்கு உண்டு. ஒருங்குறி பரவுவதற்கு முன் எழுதப்பட்ட மடல்கள் பெரும்பாலும் திஸ்கி போன்ற குறியாக்கங்களில் அமைந்தவை. அவற்றை இன்றைய கணினியில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். மாற்றி எழுதும் கருவிகள் கிடைக்கின்றன. எனினும், அது தமிழ் என்பதை அறிந்து மாற்றுவதற்கு ஒருவர் வேண்டும். எழுத்தைக் காப்பதும் எழுத்தைப் படிக்கும் முறையைக் காப்பதும் ஒருசேர நிகழ்ந்தால்தான் காப்பு முழுமை பெறும்.

அச்சிதழ் நிற்பதும் குழு மூடப்படுவதும்

1924-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் தொடங்கப்பெற்ற தமிழ் நேசன் நாளிதழ் 2019 பிப்ரவரி தொடக்கத்தில் நின்றது. மலேசியத் தமிழர்க்கு அது பேரிழப்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும் இதழ் நின்றதே ஒழிய, அதுகாறும் வெளிவந்த ஏடுகள் அழியவில்லை. நூலகங்களில் அவற்றின் கட்டுகளும் நுண்படச் சுருள்களும் உள்ளன. தனிநாயகம் அடிகளார் 1952-இல் தொடங்கிய ‘தமிழ்க் கல்ச்சர்’ ஆய்விதழ் 1966-ஆம் ஆண்டோடு நின்றது. இன்றும் ஆய்வாளர் அதனை எடுத்துப் படிக்கின்றனர், மேற்கோள் காட்டுகின்றனர்.

அச்சிதழைப் பொறுத்தவரை வெளியிடுவதும் காப்பதும் வெவ்வேறு கைகளில் உள்ளன. வெளியிடுபவர் ஓய்ந்தாலும் நூலகம் ஓயாது. இணையக் குழுவில் இவ்விரு பணிகளும் ஒரே நிருவாகியின் கையிலும், அவர்க்கும் மேலாக ஒரு நிறுவனத்தின் சேவையகத்திலும் குவிந்துள்ளன. 2014 செப்டம்பர் 30-இல் கூகுள் நிறுவனம் ஆர்குட் தளத்தை மூடியபோதும் இதுவே நிகழ்ந்தது. சமூகக் குழுக்களின் பொதுப்பதிவுகள் சில ஆண்டுகள் காப்பகமாக வைக்கப்பட்டன. பின்னர் அக்காப்பகமும் எடுக்கப்பட்டது.

தோட்ட வரலாற்றை அறிந்த நமக்கு இதனைப் புரிந்துகொள்ளுதல் கடினமன்று. 1950-களிலும் 1960-களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடம் தமக்குரியதன்று என்பதைத் தொழிலாளர் உணர்ந்தனர். லயமும் கோயிலும் பள்ளியும் அவர்கள் உழைப்பால் உயிர்பெற்றவை. நிலப்பட்டாவோ வேறொருவர் பெயரில் இருந்தது. 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்ததன் உட்பொருள், தொழிலாளரே நிலத்துக்கு உரிமையாளர் ஆகவேண்டும் என்பதாகும். கட்டணமின்றிக் கிடைக்கும் செயலியில் நாம் கட்டியெழுப்பும் குழுவும் பிறர் நிலத்தில் அமைந்ததே. சேர்த்தவற்றின் படியொன்று நம் கையில் இருக்கும் வரையில்தான் அவை நம்முடையவை.

நிருவாகியின் நிலை

செர்காம் குழுவைத் தோற்றுவித்த ஆசிரியரைப் பின்னர் நேரில் கண்டு உரையாடினோம். அவர் சினத்தால் மூடவில்லை. 2018-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் காலத்தில் தொடங்கிய அரசியற் செய்திகளை அவரால் கட்டுப்படுத்த இயலவில்லை. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்த பின்னர் இரவு பகலாகச் செய்திகள் குவிந்தன. மருத்துவம் பற்றிய பொய்த்தகவல்களும் அவற்றுள் இருந்தன. 2021-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வும் அகற்றப்பட்டதால் குழுவின் முதல் நோக்கமும் இல்லாமற் போயிற்று. “குழு என் பெயரில் இருக்கிறது. யாரோ போட்ட செய்திக்கு நான் பதில் சொல்ல வேண்டுமா, சார்?” என்று அவர் கேட்டார்.

அவர் அச்சம் அடிப்படையற்றதன்று. 1950-ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டத்தில் 2012-இல் சேர்க்கப்பட்ட 114ஏ பிரிவின்படி, ஒரு வெளியீட்டின் உரிமையாளர், நிருவாகி, ஆசிரியர் என்று தம் பெயரால் தோன்றுபவர், மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை, அதனை வெளியிட்டவராகவே கொள்ளப்படுவார். 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233-ஆம் பிரிவு இணையவழிப் பரப்பும் குற்றமான உள்ளடக்கத்தைப் பற்றியது. 2017-இல் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் குழு நிருவாகிகளுக்கான அறிவுரைகளையும் வெளியிட்டது. ஊதியமும் உதவியாளரும் இன்றி ஓர் ஆசிரியர் ஏழாண்டுகள் இச்சுமையைத் தாங்கினார். அச்சுமையை இறக்கிவைக்க ஒரு முறை இருந்திருந்தால் அவர் அவ்வாறு செய்திருக்க மாட்டார் என்பதே நம் கருத்து. மூடுதல் எவ்வாறு என்பதை நாம் ஒருவரும் அவரோடு பேசியதில்லை.

எல்லாவற்றையும் காத்தல் வேண்டுமா?

குழுவில் இடம்பெறும் அனைத்தும் காக்கத்தக்கவை என்பது நம் கருத்தன்று. காலை வணக்கப் படங்களும் மறுபகிர்வுச் செய்திகளும் மறைந்தால் இழப்பில்லை. மாணவரின் புகைப்படம், மதிப்பெண் பட்டியல், பெற்றோரின் தொலைபேசி எண் ஆகியவை பணி முடிந்ததும் அழிக்கப்பட வேண்டியவை. மேலும், நண்பர் நடுவே என்னும் நம்பிக்கையில் ஒருவர் மனம்விட்டு எழுதியதை அவர் இசைவின்றி ஆய்வுத் தரவாக்குதல் அறமாகாது. தாலாட்டுப் பாடிய பாட்டியார் தம் பேத்திக்காகப் பாடினார், பல்கலைக்கழகத்துக்காகப் பாடவில்லை. அப்பாடலைக் காப்பதற்கு அவரிடம் அல்லது அவர் குடும்பத்தாரிடம் இசைவு பெற்றிருத்தல் வேண்டும்.

அவ்வாறே, பகைமையை வளர்க்கும் குழுவிலிருந்தும், பணமோசடிக்கு அழைக்கும் குழுவிலிருந்தும் விடைபெறும் மரபு பார்க்காமல் உடனே நீங்குதலே தக்கது. ஆக, மூடுதலின் முதற்பணி தெரிவுசெய்தலாகும். எது அழியவேண்டும், எது தனியாரிடம் திரும்பவேண்டும், எது பொதுவில் நிலைபெறவேண்டும் என்று பிரித்தறிவதற்குக் காலம் தேவை. முன்னறிவிப்பின்றி மூடும்போது முதலில் இழக்கப்படுவது இக்காலமே.

ஆசிரியர்கள் மேற்கொள்ளத்தக்கன

மேற்கண்டவற்றை அடியொற்றிச் சில நடைமுறைகளை முன்வைக்கிறோம்.

முதலாவதாக, குழுவைத் தொடங்கும்போதே அதன் நோக்கத்தோடு முடிவையும் எழுதிவைத்தல் வேண்டும். ஒரு தேர்வுக்கென, ஒரு விழாவுக்கெனத் தொடங்கும் குழுவாயின் அது முடிந்ததும் மூடப்படும் என்பதை உறுப்பினர் முன்னரே அறிந்திருப்பர்.

இரண்டாவதாக, எக்குழுவுக்கும் குறைந்தது இரு நிருவாகிகள் இருத்தல் வேண்டும். ஒருவர் விலக விரும்பினால் மற்றவரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு நீங்கலாம். பலருக்குத் தேவைப்படுவது மூடுதல் அன்று, பொறுப்பு மாற்றமே.

மூன்றாவதாக, மூடுவதாக முடிவெடுத்தால் குறைந்தது ஒரு மாத கால அறிவிப்புத் தருதல் வேண்டும். அக்காலத்தில் நிருவாகிகள் மட்டுமே எழுத இயலுமாறு குழுவை அமைத்துவிட்டால் புதிய சிக்கல் எழாது. பழையவற்றை உறுப்பினர் எடுத்துக்கொள்ளலாம்.

நான்காவதாக, உரையாடலை ஏற்றுமதி செய்யும் வசதியைப் பயன்படுத்துதல் வேண்டும். புலனம் ஒரே முறையில் ஏற்றுமதி செய்யும் செய்திகளுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு; கோப்புகளோடு சேர்த்து எடுக்கும்போது அவ்வரம்பு மேலும் குறையும். எனவே ஆண்டுக்கொரு முறை, பள்ளி விடுமுறையில் இதனைச் செய்துவருதல் நன்று.

ஐந்தாவதாக, காக்கத்தக்க ஒவ்வொரு பதிவோடும் பாடியவர் அல்லது எழுதியவர் பெயர், ஊர், நாள், பதிவுசெய்தவர், இசைவு ஆகிய விவரங்களை எழுதி இணைத்தல் வேண்டும். அதன் படியொன்றைப் பள்ளி நூலகத்திலோ பல்கலைக்கழகத் துறையிலோ ஒப்படைத்தால், அச்சிதழுக்கு நூலகம் செய்த பணியை இதற்கும் செய்தவராவோம். துறைகளும் இத்தகைய தொகுப்புகளை ஏற்றுக்கொள்ள முன்வருதல் வேண்டும். அவ்வகையில் குறை ஆசிரியர்களிடம் மட்டும் உள்ளது என்று கூற இயலாது.

முடிவுரை

சென்ற ஆண்டு, அக்குழுவில் உறுப்பினராக இருந்த ஓர் ஆசிரியை, மேசை அறையில் கிடந்த பழைய கைப்பேசியொன்றை மின்னேற்றித் திறந்து பார்த்தார். அதில் பதினொரு ஒலிப்பதிவுகள் இருந்தன. அவற்றை நமக்கு அனுப்பிவைத்தார். குரல்கள் தெளிவாகவே உள்ளன. பின்னணியில் கோழிகள் கூவுவதும், ஒரு பாடலின் நடுவே குழந்தையொன்று சிரிப்பதும் கேட்கின்றன. ஆயினும் பாடியவர் யார், எத்தோட்டத்தவர், யாரிடம் கற்றார் என்னும் குறிப்புகள் ஒலிப்பதிவோடு வரவில்லை. அவை குழுவில் ஒவ்வொரு பதிவின் கீழும் எழுத்துச் செய்திகளாக இருந்தவை. கோப்புறையில் ஒலிகள் மட்டுமே எஞ்சியிருந்தன. ஏழு குரல்களை உறவினர் அடையாளம் கண்டுள்ளனர். அவ்வெழுவருள் இருவரே இன்று உயிரோடு உள்ளனர். அவ்விருவரிடமும், மற்ற ஐவரின் குடும்பத்தாரிடமும் இசைவு பெற்றுள்ளோம். எஞ்சிய நான்கு குரல்களை அறிந்தவரைச் செர்காம், மெர்லிமாவ், ஜாசின் வட்டாரங்களில் தேடிவருகிறோம்.

அத்தேடலில், குழுவை மூடிய அந்த ஆசிரியரே நமக்குப் பெருந்துணையாக உள்ளார். வாரக் கடைசியில் தம் மகிழுந்தில் நம்மை அழைத்துக்கொண்டு, இடம்பெயர்ந்த குடும்பங்களின் வீடுகளைக் காட்டிவருகிறார். ஒரு மாத கால அறிவிப்பு இருந்திருப்பின் இத்தேடலுக்கே தேவை இருந்திராது என்பதை அவரும் நாமும் அறிவோம். இதனைப் படிக்கும் ஆசிரியப் பெருமக்கள் தாம் நிருவாகியாக உள்ள குழுக்களை ஒருமுறை திறந்து, அவற்றில் பிறர் ஒப்படைத்தவை எவை என்று பார்த்தல் வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.